அறைவீட்டின் கதவு

என் அம்மாவின் வேதாகமத்தில் பின்னட்டையோடு ஒட்டிய அட்டவணை ஒன்று உண்டு. மொத்தம் 1189 அதிகாரங்கள். தினம் மூன்று, ஞாயிறு ஐந்து என்று வாசித்தால் வருஷத்துக்குள் முடிந்துவிடும். வாசித்ததும் பென்சிலால் ஒரு டிக். ஒரு வாரம் காய்ச்சலில் படுத்தவர், எழுந்த அன்று இரவே விட்டுப்போன இருபத்து மூன்று அதிகாரங்களையும் வாசித்தார். விரல் வரிமேல் ஓடியது, உதடு அசைந்தது, கண் சொருகிக்கொண்டு போனது. கடன் அடைப்பவரின் முகம் அது.

அந்தரங்க ஜெபத்தை நான் குறைவாக எண்ணவில்லை. கோவிலில் வாய் திறக்க இடமில்லாத அம்மாவுக்கு, விடியுமுன் முக்காடிட்டு அரிசிப்பானை அருகே உட்காரும் அந்த அரைமணி நேரம் மட்டுமே சொந்தம். அங்கே அவர் அழலாம், ஆண்டவரிடம் கோபிக்கலாம். ஜெபிக்கப் போகும்படி இயேசு சொன்ன 'அறைவீடு' என்பதற்குக் கிரேக்கத்தில் உள்ள சொல்லும் பண்டம் வைக்கும் உள்ளறையைத்தான் குறிக்கும்.

கோளாறு கணக்கில் இருக்கிறது. டண்டி நகரத்துப் போதகர் ராபர்ட் மர்ரே மக்செய்ன் 1842இல் தம் சபைக்கு ஓராண்டு வாசிப்புத் திட்டம் எழுதிக் கொடுத்தார். இன்றும் பலர் அதன்படி வாசிக்கிறார்கள். அதன் நன்மைகளுக்கு முன்பாகவே ஆபத்துகளை அவர் வரிசைப்படுத்தினார்: சடங்காகும், சுயநீதி வளரும், கவனம் சிதறும், சுமக்க முடியாத நுகமாகும். அட்டவணையை எடுத்துக்கொண்ட நாம் எச்சரிக்கையை விட்டுவிட்டோம்.

தினமும் தனியே வாசிக்காதவரை அரைகுறை விசுவாசி என்று பேசுவதும் நியாயமில்லை. தமிழில் புதிய ஏற்பாடு தரங்கம்பாடியில் அச்சாகி முடிந்ததே 1715இல்தான். அச்சும் எழுத்தறிவும் கைக்கு வரும்வரை, உலகெங்கும் பெரும்பாலான கிறிஸ்தவர்கள் கூடியிருந்து காதால் கேட்டே விசுவாசித்தார்கள்.

இதைவிட என்னை உறுத்துவது வேறு. பூட்டிய அறையில் நம்மைத் திருத்த ஆள் இல்லை. நம் ஆசையே வசனமாகக் கேட்கும். "ஆண்டவர் எனக்குச் சொன்னார்" என்று ஒருவர் வெளியே வந்து சொல்லிவிட்டால், கல்யாணமானாலும் சொத்துத் தகராறானாலும் வீட்டில் யாரும் எதிர்த்துப் பேச முடிவதில்லை. மத்தேயு ஆறாம் அதிகாரத்தில் கதவைப் பூட்டச் சொல்வது ஆறாம் வசனம். ஒன்பதாம் வசனத்திலேயே கற்றுத்தரும் ஜெபம் 'எங்கள் பிதாவே' என்று அழைத்துத் தொடங்குகிறது.

கடைசி வருஷங்களில் அம்மாவுக்குக் கண் மங்கியது. அட்டவணையில் கட்டங்கள் வெறுமையாகவே கிடந்தன. இருட்டில் உட்கார்ந்து பெயர்களைச் சொல்வார்: எதிர்வீட்டுப் பெண்ணின் பிரசவம், பால்காரரின் மகன், தம்மோடு பேசாமல் போன தங்கை.