மங்காச் சித்திரமும் பயில்வோன் கோடும்

ஒரு கலையைக் கற்கப் புகுவோன் முதலிற் செய்வது பிறர் செய்ததைப் பார்த்துச் செய்தலே. இசை பயில்வோன் ஆசிரியரின் குரலைப் பின்பற்றுகிறான்; எழுதப் பழகும் சிறுவன் ஏட்டிலுள்ள எழுத்தின்மேல் விரலை ஓட்டுகிறான். இவற்றை எவரும் குறையெனக் கூறுவதில்லை. ஆனால் யப்பானியரின் மங்காச் சித்திரத்தைத் தம் விருப்பத்தின் பொருட்டுப் பயிலும் இளைஞரை நோக்கி ஒரு குற்றச்சாட்டு அடிக்கடி எழுகின்றது. அகன்ற கண், சிறுத்த மூக்கு, கூர்கூராய்ப் பிரிந்த கூந்தல் ஆகியவற்றையுடைய அம்முகம் முன்னரே வார்த்துவைத்த அச்சு என்றும், அதனைப் பார்த்தெழுதுவோனின் கைக்குப் பயிற்சி கிடைப்பினும் கண்ணுக்குப் பயிற்சி கிடையாது என்றும் கூறுவர். இக்கூற்றில் உண்மையும் உண்டு; பிழையும் உண்டு. இரண்டையும் பிரித்தறிவதற்கு, மங்கா பயிற்றப்பட்ட வரலாற்றையும் அதன் கோடு பிறக்கும் முறையையும் ஒருங்கே நோக்குதல் வேண்டும்.

'மங்கா' என்னும் சொல், கட்டின்றிச் செல்லுதலைக் குறிக்கும் ஓரெழுத்தும் படத்தைக் குறிக்கும் ஓரெழுத்தும் சேர்ந்தமைந்தது. இன்று கதைச் சித்திரத்தைக் குறிக்கும் இச்சொல், 1814இல் வெளிவரத் தொடங்கிய 'ஹொக்குசாய் மங்கா' என்ற நூலின் பெயரிலும் காணப்படுகின்றது. கத்சுஷிக்கா ஹொக்குசாய் (1760–1849) 1812இல் நகோயா நகரில் தங்கியிருந்தபோது வரைந்த படங்களிலிருந்து தோன்றிய அந்நூல், பதினைந்து தொகுதிகளாக விரிந்து, அவர் மறைந்து பல்லாண்டுகள் கழிந்த பின்னர் 1878இலேயே நிறைவெய்தியது. அதிற் கதை கிடையாது. மல்லர், தொழிலாளர், பறவை, மீன், மழை, காற்று, பேய் என உலகத்துப் பொருள்கள் பக்கம் பக்கமாக நிறைந்துள்ளன. ஓவியம் பயில்வோர் பார்த்தெழுதும் மாதிரி நூலாகவே அது வெளிவந்தது. எனவே, மங்கா என்ற பெயரை உலகறியச் செய்த நூலே ஒரு பாடநூல் என்பது கருதற்பாலது.

ஹொக்குசாய் அதற்கு முன்னரே, 1812இல், சுருக்க ஓவியத்தை விரைவிற் கற்பிக்கும் நூலொன்றையும் வெளியிட்டார். கவராயமும் அளவுகோலும் கொண்டு உயிர்களின் உருவங்களை வட்டமாகவும் சதுரமாகவும் பகுத்துக் காட்டும் முறை அதிற் கையாளப்பட்டது. இவ்விரு நூல்களையும் அருகருகே வைத்து நோக்கின் ஆசிரியரின் கருத்து விளங்கும். ஒன்று உருவத்தை எளிதிற் பிடிப்பதற்கான சூத்திரத்தைத் தருகின்றது. மற்றையது அச்சூத்திரம் பயன்படவேண்டிய உலகத்தைத் தருகின்றது. முன்னதோடு நின்றுவிடும் மாணவன் எழுத்துக்களைக் கற்றும் நூலொன்றையேனும் வாசியாதவனுக்கு ஒப்பாவான். குற்றம் சூத்திரத்தினுடையதன்று, அதனை முடிவெனக் கொண்டவனுடையது.

இனி, இக்கால மங்காவின் சூத்திரம் எத்தகையது என்பதை ஆராய்தல் வேண்டும். ஒசாமு தெசூக்கா (1928–1989), சாக்காய் ஷிச்சிமாவுடன் சேர்ந்து 1947இல் வெளியிட்ட 'புதிய புதையற்றீவு' என்ற கதை, அக்காலச் சிறுவர் பலரைத் தாமும் சித்திரக்காரராக வேண்டும் என்ற வேட்கைக்கு உள்ளாக்கியது. மேனாட்டு அசைபடங்களை, சிறப்பாக டிஸ்னியின் படங்களை, ஆர்வத்துடன் கண்டவர் அவர்; அகன்ற கண்களையும் உருண்ட உடலமைப்பையும் அவற்றிலிருந்து பெற்றுத் தம்முடையனவாக்கிக்கொண்டார். 1979இல் அளித்த ஒரு பேட்டியில், தாம் வரைபவற்றை ஓவியமாகக் கருதுவதில்லை என்றும், அவை படவெழுத்துப் போன்ற குறிகளே என்றும் அவர் தெரிவித்தார். வியப்பெனின் கண் வட்டமாகும். சினமெனின் புருவம் சாய்ந்து நெற்றியில் நரம்பு புடைக்கும். நாணமெனின் கன்னத்திற் சில சாய்கோடுகள் தோன்றும். இவ்வாறு மெய்ப்பாடு ஒவ்வொன்றுக்கும் ஒரு குறி அமைந்துவிட, அக்குறிகளைச் சேர்த்துக் கதை சொல்லுதல் ஒருவகை மொழியாயிற்று. பயில்வோர்க்கென்றே அவர் 1950இல் 'மங்காப் பல்கலைக்கழகம்' என்ற பொருள்படும் பெயருடன் நூலொன்றும் எழுதினார்.

குறிமொழியின் நன்மை யாதெனின், பள்ளிச் சிறுவனும் அதனைச் சில நாளிற் கற்றுத் தன் கதையைச் சொல்லத் தொடங்கலாம் என்பதே. தீமையும் அங்கேயே இருக்கின்றது. குறி எப்பொழுதும் கைக்கெட்டும் தொலைவில் இருப்பதால், சினங்கொண்ட மனிதனின் தோள் எவ்வாறு உயர்கின்றது, கை எதனைப் பற்றிக்கொள்கின்றது என்று பார்க்கவேண்டிய தேவை பயில்வோனுக்கு எழுவதில்லை. அவன் எழுதும் பத்து முகங்களும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளாய்க் காட்சியளிக்கின்றன. கூந்தலை மாற்றினாலன்றி எவர் எவரென அறிதல் அரிது. முற்கூறிய குற்றச்சாட்டின் உண்மைப் பகுதி இதுவேயாம்.

எனினும், பயிற்சியின் படிகளை உற்றுநோக்கின் வேறொரு செய்தி புலனாகும். பயில்வோன் முதலிற் பென்சிலால் ஒரு வட்டம் இடுகிறான். அதன்மேல் முகத்தின் நடுவைக் காட்டும் நெடுங்கோட்டையும் கண்கள் அமையும் குறுக்குக்கோட்டையும் வளைத்து வரைகிறான். வளைவு பிழைத்தால் முகம் தட்டையாகும். வலக்கையாளன் இடப்பக்கம் நோக்கிய முகத்தை எளிதில் எழுதுகிறான். வலப்பக்கம் நோக்கிய முகம் அவன் கையில் கோணுகின்றது. தாளைப் புரட்டி ஒளிக்கெதிரே பிடித்துப் பார்த்தால், நேரிற் புலப்படாத பிழை வெளிப்படும்: ஒரு கண் மேலேறியிருக்கும், தாடை ஒருபுறம் இழுபட்டிருக்கும். தன் படத்தைப் பிறர் படமாகக் காணும் இவ்வழக்கம் மங்கா பயில்வோரிடையே பெரிதும் கைக்கொள்ளப்படுவது. கண்ணுக்குப் பயிற்சி இல்லை என்போர் இந்நிலையைக் கருதினாரல்லர்.

பென்சில் வேலை முடிந்ததும் மையிடுதல் தொடங்குகின்றது. மங்காவின் உயிர்நிலை இதுவெனலாம். இதற்கென வழங்கும் உருக்குப் பேனைமுனைகள் மூவகைப்படும். 'ஜீ பேனை' அழுத்தத்துக்கேற்ப விரிந்து சுருங்குவது. ஒரே இழுப்பில் மயிரிழையும் பருங்கோடும் தரவல்லது. 'மாரு பேனை' சிறிய முனையுடையது. கண்ணிமைக்கும் கூந்தலுக்கும் பின்புலத்து நுண்வேலைக்கும் ஏற்றது. 'கபுரா பேனை' பருமன் மாறாத கோட்டைத் தருவது. தொடக்க நிலையினர்க்கு இணக்கமானது. புதிய முனையில் எண்ணெய்ப் பூச்சு இருக்கும். அதனைத் துடைத்தகற்றினாலன்றி மை பிடியாது. கோட்டை உடலை நோக்கி இழுத்தல் எளிது. புறத்தே தள்ளினால் முனை தாளிற் குத்தும். ஆதலாற் பயின்றவன் கையைத் திருப்புவதில்லை, தாளையே திருப்புகிறான்.

மெல்லத் தொடங்கிப் பருத்து மெல்ல மறையும் கோட்டினை நூற்றுக்கணக்கில் நிரையாக இட்டுப் பழகுதல் இப்பயிற்சியின் முதற்பாடம். பொழுதுபோக்காகப் பயில்வோர் பலர் இப்பாடத்தை வெறுப்பர். முகத்தை எழுதவேண்டும் என்ற விரைவு அவர்க்கு இருக்கும். ஆயின் அவர்தம் படங்கள் பென்சிலில் உயிருடனிருந்து மையில் இறந்துபோவதற்குக் காரணம் அவ்விரைவே. பென்சிற் படத்தில் ஒரு தாடைக்கு ஐந்தாறு கோடுகள் கிடக்கும். காண்போன் கண் அவற்றுள் நல்லதைத் தானே தேர்ந்துகொள்ளும். மை ஒன்றையே ஏற்கும். அவ்வொன்று யாது என்று துணியாத கை, பென்சிற் கோட்டின்மேல் அஞ்சியஞ்சி ஊர்ந்து, எங்கும் ஒரே தடிப்புள்ள கம்பி போன்ற கோட்டைத் தருகின்றது. மேலிமை தடித்துக் கீழிமை மெலிதல், உடலின் புறவரை உள்மடிப்பினும் வலுத்தல், எடை தாங்கும் பாதத்தின்கீழ்க் கோடு கனத்தல் ஆகியவை அழகுக்காக மட்டும் அமைந்தவையல்ல. ஒளி எங்கிருந்து வருகின்றது, உடலின் பாரம் எங்கே இறங்குகின்றது என்பவற்றை அறிந்தவன் செய்யும் முடிவுகள் அவை. உலகைப் பார்த்தவனுக்கே அவை கைகூடும். ஹொக்குசாயின் இரு நூல்களும் ஒன்றுசேரும் இடம் இதுவே.

அச்சிட்ட புத்தகத்தைப் பார்த்து இதனைக் கற்றல் அரிதென்பதும் ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. தொழின்முறைச் சித்திரக்காரர் பீ 4 அளவுத் தாளில் வரைவது, பீ 5 அளவுச் சஞ்சிகையில் ஏறத்தாழ ஆறில் ஐந்து பங்காகச் சுருங்குகின்றது. சுருங்குங்காற் கோட்டின் நடுக்கமும் சுருங்கும். வெள்ளை மையால் மறைத்த பிழையும், அழிறப்பருக்குத் தப்பிய பென்சிற் றடமும் அச்சிற் றோன்றா. வாசகன் காண்பது துடைத்து முடித்த வீட்டையே, கட்டிய சாரத்தையன்று. அதனைப் பார்த்தெழுதும் இளைஞன், ஆசிரியர் ஒருபோதும் பிழைவிட்டதில்லை என்று எண்ணித் தன் கையை வெறுக்கத் தலைப்படுகிறான். பயில்வோருட் பலர் இடைநடுவே கைவிடுவதற்கு இவ்வெண்ணமும் ஒரு காரணமாதல் கூடும்.

இத்தடையை ஒரு மாணவர் குழு வென்ற வரலாறு உண்டு. 1950களின் தொடக்கத்தில், மியாகி மாகாணத்துப் பள்ளி மாணவராயிருந்த ஷொத்தாரோ இஷினோமோரி (1938–1998) வெவ்வேறிடங்களிலிருந்த ஆர்வலரைச் சேர்த்துக் கிழக்கு யப்பான் மங்கா ஆய்வுக் குழுவை அமைத்தார். அவர்கள் நடத்திய சஞ்சிகையின் பெயர் 'ஒரு துளி மை' என்று பொருள்படும். அஃது அச்சேறியதன்று, உறுப்பினர் கையால் வரைந்த மூலத் தாள்களையே சேர்த்துக் கட்டிக் கைக்குக் கை சுற்றிவரச் செய்தனர். பின்னாளிற் புகழ்பெற்ற புஜியோ அக்காத்சுக்காவும் அவருள் ஒருவர். ஒருவன் மையின் கருமையையும், மறைத்த பிழையையும், துணிந்த கோட்டையும் மற்றவன் நேரே கண்டான். தன்னையொத்த இன்னொருவனும் தடுமாறினான் என்று அறிவதிற் பிறக்கும் ஊக்கம், எந்த ஆசிரியரும் கொடுக்க இயலாததொன்று. இஷினோமோரி பள்ளி மாணவராயிருந்தபோதே 1954இல் தெசூக்காவின் வேலையிற் றுணைபுரிய அழைக்கப்பட்டார்.

அவரே 1965இல் சிறுவர்க்கென மங்கா வரையும் கலைக்கு நுழைவாயிலாக ஒரு நூல் எழுதினார். கருவிகளை விளக்குவதோடு அமையாது, தாம் வரைந்த 'நாகதேவன் சதுப்பு' என்று பொருள்படும் கதையை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு கட்டத்தையும் ஏன் அவ்வாறு அமைத்தார் என்று அதில் ஆராய்ந்துள்ளார். மாதிரி முகங்களை நிரைப்படுத்தும் வழிகாட்டி நூல்கள் பின்னர்ப் பல வந்துள்ளன. அவை 'இவ்வாறு செய்க' என்கின்றன. இஷினோமோரியின் நூல் 'இவ்வாறு செய்ததன் காரணம் இது' என்கின்றது. பயில்வோனைப் பிரதி செய்வோனாகக் கருதாது சிந்திப்போனாகக் கருதியமையே அதன் பெருமை.

இக்காலத்தில் மையின் இடத்தைப் பெரும்பாலும் கணினி கவர்ந்துள்ளது. 2012இல் வெளிவந்த 'கிளிப் ஸ்ரூடியோ பெயின்ற்' போன்ற மென்பொருள்களிற் கைநடுக்கத்தைத் திருத்தும் வசதியுண்டு. பிடியாத கோட்டை நொடியில் இல்லாமலாக்கலாம். விலையுயர்ந்த தாளும் மையும் வீணாகாமையின் வறிய மாணவனுக்கு இது பெருநன்மை. ஆனால் முப்பது முறை இட்டு அழித்து, தற்செயலாக அமைந்த முப்பத்தோராவது கோட்டை ஏற்பவன், தான் தேடியது யாதென அறியாமலே அதனைக் கண்டெடுத்தவனாவான். கணினியிற் பயில்வோனும் ஒரு பக்கத்தையேனும் அழிக்காது வரைந்து பழகுதல் நன்று. கருவி எதுவாயினும் துணிவு அவனுடையதாயிருத்தல் வேண்டும்.

தொழிலாகக் கொள்ளாதவன் இத்துணை உழைத்தல் எதற்கு என்ற வினா எழுதல் இயல்பே. 1975ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆந் திகதி டோக்கியோவிற் கூடிய முதலாவது 'கொமிக்கு மார்க்கெற்' சந்தைக்கு வந்த குழுக்கள் 32; பார்வையாளர் ஏறத்தாழ 700 பேர். பிற்காலத்தில் அங்கு இலட்சக்கணக்கானோர் கூடலாயினர். தாமே வரைந்து அச்சிட்ட நூலை மேசையில் வைத்திருக்கும் அவருட் பெரும்பாலோர் அதனாற் பிழைப்பவரல்லர். தம் கோட்டை அறிந்த ஒரு வாசகனைக் காண்பதே அவர் பெறும் ஊதியம்.

இஷினோமோரியின் நுழைவாயில் நூலைக் கற்று ஊக்கம் பெற்றோருள் தக்கேமியா கேய்க்கோவும் ஒருவர். அவர் பின்னர்க் கியோத்தோ செய்க்கா பல்கலைக்கழகத்தில் ஆசிரியராகி, 2001இல், மங்கா மூலத் தாள்களை அவற்றின் பென்சிற் றடமும் வெள்ளைத் திருத்தமும் விளங்கும்படி நுட்பமாகப் படியெடுக்கும் பணியைத் தொடங்கினார். அன்று சில மாணவர் தம்முள் சுற்றவிட்ட 'ஒரு துளி மை' காட்டியதை, இன்று அப்படிகள் பலர்க்கும் காட்டுகின்றன. அவற்றின் முன் நிற்கும் இளைஞன் பார்த்தெழுதவேண்டியது அகன்ற கண்ணையன்று. அக்கண்ணின் மேலிமையில் ஒரு கை எங்கே தயங்கி, எங்கே துணிந்தது என்பதையே. அதனைக் கண்டுகொண்டவன் எவருடைய முகத்தை எழுதினும், நாளடைவில் அதிலுள்ள கோடு அவனுடையதாகும்.