மூன்று மூச்சு

பிஸ்டன் இல்லாத கார் ஒன்றை வாங்குவதா விடுவதா என்று மூன்று மாதம் நித்திரை கெட்டுக் கிடந்தேன். மஸ்டா ஆர்.எக்ஸ். 8. ஆறு கியர், மனுவல், பழுத்த மிளகாய்ச் சிவப்பு. விற்கிறவர் நல்லூர்த் திருவிழாவுக்குக் கொழும்பிலிருந்து அதிலேயே வந்திருந்தார். மருதனார்மடம் சந்தையடியில் கொண்டுவந்து நிற்பாட்ட, மரவள்ளிக்கு விலை பேசிக்கொண்டு நின்ற சனம் பேச்சை விட்டது.

முன்கதவைத் திறந்தார். பின்கதவை எதிர்ப்பக்கமாகத் திறந்தார். நடுவில் தூணே இல்லை, அலுமாரிதான்! சீற்றின் தலைப்பகுதியில் பக்கம் புடைத்த முக்கோண ஓட்டை ஒன்று. பொனற்றிலும் அதே முக்கோணம். காரின் உயிரே அந்த முக்கோணத்தில்தான் இருக்கிறது.

நாங்கள் அறிந்த எஞ்சினில் பிஸ்டன் மேலே போய்க் கீழே வரும். இதில் அந்த ஏற்ற இறக்கமே கிடையாது. முக்கோண ரோட்டர் சுழலும். பனங்காய்க்குள் மூன்று கண் இருக்கிற மாதிரி அதைச் சுற்றி மூன்று அறைகள். 654 சீசீ வீதம் இரண்டு ரோட்டர், நிமிடத்துக்கு 9000 சுற்று! ரோட்டர் ஒருதரம் சுற்ற, தண்டு மூன்றுதரம் சுற்றும். யோசனை ஜெர்மனிக்காரர் ஃபெலிக்ஸ் வாங்கலுடையது. ஹிரோஷிமாவில் மஸ்டாவின் யமமோட்டோ கெனிச்சி 47 எஞ்சினியர்களோடு அதைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். முனையில் இருக்கிற சீல் உள்சுவரைக் கீறிக் கீறிப் பாழாக்கும். அந்தக் கீறல்களுக்கு அவர்கள் வைத்த பெயர் பிசாசின் நகம். 1991இல் லூ மான் 24 மணிநேர ஓட்டத்தில் மஸ்டா வென்றது இதே சாதி எஞ்சினால்தான். சொல்லும்போதே எனக்கு மயிர்க்கூச்செறிகிறது.

அம்மாவுக்கு ஒன்றும் கூச்செறியவில்லை. "உனக்கென்ன விசரோ? 2022இல கிழமைக்கு 20 லீற்றருக்குக் கியூஆர் காட்டி வரிசையில நிண்டது மறந்துபோச்சோ?" நியாயம்தான். இது பெற்றோல் குடிக்கும். ஒயிலும் குடிக்கும், அந்தச் சீல்கள் தேயாமலிருக்க எஞ்சினே கொஞ்சம் கொஞ்சமாய் ஒயிலை உள்ளே விட்டு எரிக்கிறது. 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு பழைய கார்களுக்கு ஏறிய விலையைப் பற்றி நான் கதைக்கப் போவதில்லை. அம்மா இதை வாசிப்பா.

சந்திக்குக் கிட்டக் கராஜ் வைத்திருக்கிற அண்ணையிடம் கொண்டுபோனேன். தொண்ணூறுகளில், பொருளாதாரத் தடைக்குள், சின்னப் போத்தலால் இரண்டு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, மண்ணெண்ணெயில் ஏ40 கார்களை ஓடவிட்ட கை அது. ரோட்டரி எஞ்சினை அவர் கண்டதில்லை. பிளக் ஒன்றைக் கழற்றச் சொன்னேன். சாதாரண கொம்பிறஷன் மானி மூன்று அறைகளில் பெரிய எண்ணை மட்டும் காட்டி ஏமாற்றிவிடும். காதால் கேட்பதே மேல். அக்சிலேற்றரை அடிவரை மிதித்துக்கொண்டு ஸ்ராட்டரை அடித்தேன். அண்ணை கண்ணை மூடிக்கொண்டு துவாரத்தடியில் காதை வைத்தார்.

புஸ், புஸ், புஸ். புஸ், புஸ், புஸ்.

"மூண்டும் ஒரே அளவாத்தான் மூச்சு விடுது தம்பி." அடுத்த ரோட்டரும் அப்படியே.

பிறகு ஆனையிறவு மட்டும் ஓட்டம். உப்பளப் பக்கம் வெளி விரிந்ததும் முதல் கியரில் அழுத்தினேன். ஐயோ, அந்தச் சத்தம்! உறுமல் இல்லை, அதிர்வு இல்லை, வண்டின் இரைச்சல் மாதிரி ஏறிக்கொண்டே போகிறது. உச்சிக்குக் கிட்ட 'பீப்' என்று கார் கெஞ்சுகிறது. முள் 9000ஐத் தொடும்போதும் வேகம் 70க்குள்தான். பொலிசுக்கும் குற்றமில்லை! கொதிக்கக் கொதிக்க நிற்பாட்டி, பத்து நிமிடம் விட்டுத் திறப்பைத் திருப்பினேன். சீல் தேய்ந்ததென்றால் சூட்டில் இழுத்து இழுத்து அடிக்கும். இது தொட்டவுடன் பிடித்தது. அங்கேயே அட்வான்சைக் கொடுத்துவிட்டேன்.

ஒரு குணம் மட்டும் கவனிக்க வேண்டும். குளிர்ந்த எஞ்சினை எடுத்து, படலைக்கு வெளியே விட்டு உடனே நிற்பாட்டினால் பிளக் பெற்றோலில் நனைந்து பிறகு அசையாது. ஆஞ்சநேயர் கோயில் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். ஆகவே கார்ப் பூசைக்கு அம்மாவைப் பின்கதவால் ஏற்றிக்கொண்டு முதலில் சுன்னாகம் போய்த் திரும்பினேன்.

சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைத்துவிட்டு ஐயர் எஞ்சினை நிற்பாட்டச் சொன்னார். நான் சூட்டு முள்ளைப் பார்த்தேன்.

"ஐயா, இன்னும் ஒரு நிமிசம்."