பழைய பாட்டைக் கேட்கும் முறை

1961-இல் வந்த ‘பாசமலர்’ படத்தின் இரண்டு பாட்டுகளை எடுத்துக்கொள்ளலாம். இரண்டுக்கும் இசை விஸ்வநாதன் – ராமமூர்த்தி. மணப்பெண்ணைத் தோழியர் அழைத்துவரும் பாட்டை எல்.ஆர்.ஈஸ்வரி பாடினார். அது நேராகக் கல்யாணப் பந்தலுக்குப் போய்விட்டது. வாசலில் ஒலிபெருக்கிக் குழாய் கட்டிய கல்யாணங்களில் அந்தப் பாட்டு ஒலிக்காமல் இருந்தால்தான் அதிசயம். டி.எம்.சௌந்தரராஜனும் பி.சுசீலாவும் பாடிய தாலாட்டு வீட்டுக்குள் போனது.

அந்தத் தலைமுறையைச் சேர்ந்த ஒருவரிடம் கல்யாணப் பாட்டைப் போட்டுக் காட்டி, யாருடைய கல்யாணம் நினைவுக்கு வருகிறது என்று கேட்டால் சட்டென்று பதில் வராது. போய்வந்த கல்யாணங்கள் எல்லாம் ஒன்றாகக் கலந்து நிற்கும். தாலாட்டைப் போட்டால் பெரும்பாலும் கதை மாறும். இன்ன வீடு, இன்ன திண்ணை, அக்கா மடியில் இன்ன குழந்தை என்று பேச்சு நீளும்.

கல்யாணப் பாட்டில் குறை ஒன்றும் இல்லை. ஒரு தூண்டுதலோடு பல நினைவுகள் கட்டப்பட்டிருந்தால் அவற்றில் எந்த ஒன்றையும் அது தெளிவாக எழுப்பாது என்பது நினைவாற்றல் ஆய்வாளர்கள் 1970-களிலேயே கண்ட உண்மை. ‘சகலகலா வல்லவன்’ (1982) படத்தில் எஸ்.பி.பாலசுப்ரமணியம் பாடிய புத்தாண்டுப் பாட்டும் இப்படித்தான். ஒவ்வொரு டிசம்பர் 31 இரவும் தமிழ்நாடு முழுக்க ஒலிப்பதால், அதைக் கேட்டால் புத்தாண்டு என்ற உணர்வு வருகிறது. எந்த ஆண்டு என்பது வருவதில்லை. ஒரு பருவத்தில் ஓயாமல் கேட்டு, பிறகு எப்படியோ கைவிட்டுப்போன பாட்டுதான் அந்தப் பருவத்தைக் கலப்பில்லாமல் வைத்திருக்கும்.

அதனால் பழைய பாட்டை ரசிக்க விரும்புபவர் முதலில் பழக வேண்டியது, அதை அடிக்கடி கேட்காமல் இருப்பது. இன்று இது எளிதல்ல. கைப்பேசியில் ஒரு தடவை தேடிய பாட்டை மறுநாளும் அதுவே எடுத்து நீட்டுகிறது. கல்லூரிக் காலத்தின் உயிரான ஒரு பாட்டைக் கண்டுபிடித்த மகிழ்ச்சியில் ஒரு மாதம் தினமும் அலுவலகம் போகும் வழியில் கேட்டால், மாத முடிவில் அது அலுவலகப் பாதையின் பாட்டாக மாறியிருக்கும். கல்லூரி கொஞ்சம் கொஞ்சமாக அதற்குள்ளிருந்து வெளியேறிவிடும். உயிருக்கு உயிரான நான்கைந்து பாட்டுகளையாவது அன்றாடப் பட்டியலில் சேர்க்காமல் தனியே வைப்பது நல்லது.

எந்தப் பாட்டுகள் அப்படிப்பட்டவை? வயதைக் கொண்டே ஓரளவு கணக்கிடலாம். ஏறத்தாழ பத்து வயது முதல் முப்பது வயதுக்குள் நடந்தவையே முதுமையில் அதிகம் நினைவுக்கு வருகின்றன. பாட்டு விஷயத்தில் பதின்பருவத்துக்கு இன்னும் கூடுதல் இடம். 1950-இல் பிறந்தவருக்கு அந்த வயதில் கிடைத்தது எம்.எஸ்.விஸ்வநாதன். 1965-இல் பிறந்தவர் பள்ளியில் படிக்கும்போது, 1976-இல், ‘அன்னக்கிளி’ வந்தது; எஸ்.ஜானகியின் குரல் ஊர் ஊராக ஒலிபெருக்கியில் ஏறியது. 1980-இல் பிறந்தவருக்குப் பன்னிரண்டு வயதாகும்போது ‘ரோஜா’. டீக்கடைகளில் பல பத்தாண்டுகளாக நடக்கும் ‘யார் காலத்துப் பாட்டு உசத்தி’ என்ற வழக்குக்குத் தீர்ப்பே வராததன் காரணம் இதில் பாதி இருக்கிறது. அவரவர் வாதாடுவது அவரவருடைய பதினாறு வயதுக்காக. அதனால் அந்தந்தக் காலத்து இசையமைப்பாளர்களின் மேதைமை ஒரு துளியும் குறையாது. வாதாடுபவரின் குரல் ஏன் அவ்வளவு சூடாகிறது என்பதுதான் விளங்குகிறது.

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த பீட்டர் ஜனாட்டா 2007-இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களுக்கு அவர்கள் சிறுவர்களாகவும் பதின்பருவத்தினராகவும் இருந்தபோது பிரபலமாயிருந்த பாட்டுகளின் துணுக்குகளைப் போட்டுக் காட்டினார். சராசரியாக நூற்றுக்கு முப்பது பாட்டுகள் சொந்த நினைவு ஒன்றை எழுப்பின. மீதி எழுபது வெறும் பாட்டாகவே நின்றன. பழைய பாட்டு எல்லாமே மனத்தை உலுக்க வேண்டும் என்று எதிர்பார்த்து உட்காருபவருக்கு இது ஆறுதலான செய்தி. 2009-இல் அவரே மூளையைப் படமெடுத்துப் பார்த்தபோது, நெற்றிக்கு நேர் பின்னால் உள்ள பகுதி, பாட்டையும் அது எழுப்பிய நினைவையும் ஒருசேரப் பின்தொடர்வது தெரிந்தது.

கேட்கும் விதத்துக்கு வருவோம். பாட்டை முதல் நொடியிலிருந்து கேட்க வேண்டும். பல்லவிக்குத் தாவுபவர்கள் பெரிய பங்கை இழக்கிறார்கள். நன்கு தெரிந்த ஒரு பாட்டின் ஒலிப்பதிவை நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் கேட்டாலே பலரால் அடையாளம் சொல்ல முடியும் என்று 1999-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அவ்வளவு குறுகிய நேரத்தில் மெட்டு தொடங்கியிருக்கவே முடியாது. காதைத் தொடுவது அந்தப் பதிவின் நாதம்: அந்தக் குறிப்பிட்ட கிதாரின் கம்பி, அந்த ஒலிக்கூடத்தின் எதிரொலி, வயலின் கூட்டத்தின் நிறம். ‘பயணங்கள் முடிவதில்லை’ (1982) படத்தில் கிதாரோடு தொடங்கும் அந்த நிலாப் பாட்டில், பாலசுப்ரமணியம் வாய் திறப்பதற்கு முன்பே கேட்பவர் எண்பதுகளுக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறார்.

இதனால்தான் மறு ஆக்கங்கள் அழகாக இருந்தும் நினைவை அசைப்பதில்லை. மேடையில் புதிய குரல் அதே மெட்டைப் பிழையின்றிப் பாடலாம், நாம் அதை ரசிக்கவும் செய்யலாம். ஆனால் பழைய நாளைத் தேடுபவருக்கு மூலப் பதிவே வேண்டும். முடிந்தால் அது ஒலித்த முறையிலும் கேட்க வேண்டும். சின்ன வானொலிப் பெட்டியில் கேட்டு வளர்ந்த பாட்டை, கனத்த அதிர்வெழுப்பும் ஒலிபெருக்கியில் கேட்டால் புதிய நுணுக்கங்கள் காதில் விழும். அது ஒரு தனி இன்பம். நினைவுக்காகக் கேட்கும் நாளில் சிறிய பெட்டியே போதும்.

பாட்டோடு ஒட்டியிருக்கும் பாட்டல்லாத ஒலிகளையும் கூப்பிட வேண்டும். 1952-இல் தகவல் ஒலிபரப்புத் துறை அமைச்சராக வந்த பி.வி.கேஸ்கர் காலத்தில் அகில இந்திய வானொலி திரைப்பாட்டை ஒதுக்கியது. கேட்பவர்கள் இலங்கை வானொலிக்குப் போனார்கள். 1957-இல் விவித பாரதி தொடங்கிய பிறகும் தமிழ்நாட்டில் பலர் இலங்கை அலைவரிசையை விடவில்லை. அதன் அறிவிப்பாளர்கள் மயில்வாகனம், கே.எஸ்.ராஜா, பி.எச்.அப்துல் ஹமீத் ஆகியோரின் குரல்கள் ஒரு தலைமுறைக்குப் பாட்டின் முகப்பாகவே இருந்தன. காலையில் ‘பொங்கும் பூம்புனல்’ நிகழ்ச்சி. கடல் தாண்டி வரும்போது அலை ஏறி இறங்கும் கரகரப்பு. விருப்பம் கேட்டு எழுதியவர்களின் நீண்ட பெயர் வரிசை. அந்தக் காலத்துப் பாட்டைக் கேட்க உட்காருபவர் முதலில் அறிவிப்பாளரின் குரலை மனத்தில் வரவழைத்துப் பார்க்கலாம். பாட்டு தராத சில விவரங்களை அந்தக் குரல் தரும்.

கேசட் தலைமுறைக்கு வேறு வழி உண்டு. ரெக்கார்டிங் சென்டரில் தாளில் பட்டியல் எழுதிக் கொடுத்து, அறுபது நிமிட நாடாவில் பதியச் சொல்லி, இரண்டு நாள் கழித்து வாங்கிவந்தவர்களுக்குப் பாட்டுகளின் வரிசை மனப்பாடம். ஒரு பாட்டு முடிந்த மௌனத்திலேயே அடுத்ததன் முதல் சுரம் மனத்துக்குள் ஒலிக்கும். ஏ பக்கத்தின் கடைசிப் பாட்டு இரண்டாவது சரணத்தில் அறுந்துபோயிருந்தால், இன்றும் அந்த இடம் வரும்போது மனம் ஒரு நிறுத்தத்துக்குத் தயாராகும். அப்படிப்பட்டவர்கள் பழைய வரிசையை நினைவுகூர்ந்து எழுதி, அதே வரிசையில் ஒரு முறை கேட்க வேண்டும். தனித்தனியாகக் கேட்டபோது வராத நினைவு, ஒரு பாட்டிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் இடைவெளியில் வரக்கூடும்.

வந்த நினைவை அப்படியே நம்பிவிடவும் வேண்டாம். பாட்டு எழுப்பும் நினைவு பளிச்சென்று இருப்பதாலேயே சரியாக இருக்கும் என்று சொல்ல முடியாது. படம் வந்த ஆண்டைப் பார்த்து ஒப்பிடுவது சுவையான வேலை. ஆறாம் வகுப்பில் கேட்டதாக உறுதியாக நினைத்த பாட்டின் படம், பத்தாம் வகுப்பு முடிந்த பிறகுதான் வெளியாகியிருக்கும். தலைகீழாகவும் நடக்கும். நகரத்தில் ஓடி முடிந்த படம் ஊர் டூரிங் டாக்கீஸுக்கு வர நாளாகும். மணல் தரையில் உட்கார்ந்து, சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டு ஒலிபெருக்கியில் முடிவதற்காகக் காத்திருந்து பார்த்த படத்துக்கு, திரைப்பட அகராதி சொல்லும் தேதி ஒன்று, ஊரின் தேதி வேறொன்று. இரண்டுக்கும் உள்ள இடைவெளியைக் கணக்கிடும்போது அந்த ஊரின் சரித்திரமே கொஞ்சம் தெரியவரும்.

பெற்றோர் காலத்துப் பாட்டுக்கும் இங்கே இடம் உண்டு. கார்னெல் பல்கலைக்கழகத்தின் கரோல் கிரம்ஹான்ஸல் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், இருபது வயதை ஒட்டிய இளைஞர்களுக்குத் தங்கள் காலப் பாட்டோடு, பெற்றோரின் இளமைக் காலப் பாட்டுகளிலும் தனிப் பற்று இருந்தது தெரியவந்தது. அப்பா சவரம் செய்துகொண்டே கேட்ட பாட்டு பிள்ளையின் சொந்தப் பாட்டாகவும் ஆகிவிடுகிறது. எனவே வீட்டில் மூத்தவர்களோடு சேர்ந்து கேட்பது இருவருக்கும் பலன் தரும். கேட்டு முடிந்ததும் ‘நல்லா இருந்ததா?’ என்று கேட்டால் ‘ம்’ என்று ஒரு பதில்தான் வரும். ரேடியோ எந்த அறையில் இருந்தது, ஸ்டேஷன் மாற்றும் உரிமை யாருக்கு, இந்தப் பாட்டு வந்தால் அதை நிறுத்தச் சொன்னவர் யார் என்று கேட்டால் பேச்சு கிளம்பும்.

நினைவு மங்கிவரும் முதியவர்களுக்கு இது பொழுதுபோக்கைத் தாண்டிய காரியம். நரம்பியல் மருத்துவர் ஆலிவர் சாக்ஸ் 2007-இல் எழுதிய ‘மியூசிகோஃபிலியா’ நூலும், 2014-இல் வந்த ‘அலைவ் இன்சைட்’ ஆவணப்படமும், பேச்சு ஒடுங்கிப்போன முதியவர்கள் தங்கள் காலத்து இசையைக் கேட்டு விழித்தெழுவதைக் காட்டுகின்றன. நோய் அதனால் குணமாவதில்லை. சிறிது நேரம் முகம் திரும்பிவருகிறது. பாட்டைத் தேர்ந்தெடுக்கும்போது பிள்ளைகள் தங்களுக்குத் தெரிந்த ‘பழைய பாட்டு’களைப் போடுவது வழக்கம். அவை பெரும்பாலும் பிள்ளைகளின் சிறுவயதுப் பாட்டுகளாக இருக்கும். முதியவரின் பிறந்த ஆண்டோடு பதினைந்தைக் கூட்டி அங்கிருந்து தேட வேண்டும்; சௌந்தரராஜனின் முருகன் பாட்டுகளையும் ஊர்க் கோயிலில் ஒலித்த பாட்டுகளையும் மறக்கக் கூடாது. ஒரு நேரத்தில் இரண்டு மூன்று பாட்டு போதும். சிலருக்கு ஒரு பாட்டு, போய்விட்ட துணையையோ பிள்ளையையோ கூட்டிவந்துவிடும். முகம் வாடுவது தெரிந்தால் பாட்டை நிறுத்தி, பக்கத்தில் உட்கார்ந்து, அவர் பேச விரும்பினால் பேசவிட வேண்டும்.