சந்தேகப்பட்டது அவள் குற்றமா?

ஓய்வுக்காகப் படிப்பதை யாரும் ஆராயக்கூடாது என்றொரு வாதம் இப்போது நன்றாக விலைபோகிறது. கையில் காதலும் மர்மமும் கலந்த ஒரு நாவல், அது முடிந்தால் புதிதாக வந்த ஒரு சமையல் புத்தகம். இரண்டும் மனசுக்கு இதம், வேறென்ன வேண்டும் என்கிறார்கள். கனமான இலக்கியம் அல்லாத எதையும் ஏளனம் செய்தே பழகிய விமர்சகர்களுக்கு இது சரியான பதிலடிதான். ஆனால் இந்த இரண்டையும் ஒரே தராசில் வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. சமையல் புத்தகத்திடம் அவ்வளவு கறாராக இருக்கிற வாசகியை, அந்த நாவல் ஏன் அவ்வளவு சுலபமாகத் தலையாட்ட வைக்கிறது என்பதுதான் என் கேள்வி.

நல்லதை முதலில் சொல்லிவிடலாம். ஆங்கிலத்தில் காதல் மர்ம நாவல்கள் எழுதிய மேரி ஸ்டுவர்ட்டின் நாயகிகள் தொட்டதற்கெல்லாம் மயங்கி விழுகிறவர்கள் அல்ல. கார் ஓட்டுகிறார்கள், மலையேறுகிறார்கள், உழைத்துச் சம்பாதிக்கிறார்கள். அவர் எழுதிய புரவான்ஸ் சாலைகளையும் கிரீட் தீவின் குன்றுகளையும் படித்தாலே ஊர் சுற்றி வந்த திருப்தி கிடைக்கும். தமிழுக்கும் இந்தக் கலவை புதிதல்ல. 'ஜகன்மோகினி' இதழை நடத்திய வை.மு.கோதைநாயகி அம்மாள் காதலையும் மர்மத்தையும் குடும்பக் கதையில் குழைத்துக் கொடுத்து வாசகிகளைக் கட்டிப்போட்டவர். பாக்கெட் நாவல் காலத்தில் பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்–சுசீலா, சுபாவின் நரேந்திரன்–வைஜயந்தி என்று ஜோடிகளே வந்துவிட்டார்கள். பேருந்து நிலையத்தில் வாங்கி, ஊர் வருவதற்குள் முடித்துவிடுகிற அந்தப் புத்தகங்களில் காதல் சீண்டலும் சிரிப்புமாக நடக்கும். சந்தேகப்படுகிற வேலையோ இருவருக்கும் பொது.

சமையல் புத்தகத்தின் இன்பம் வேறு வகை. 1951 இல் எஸ்.மீனாட்சி அம்மாள் 'சமைத்துப் பார்' வெளியிட்ட நாளிலிருந்து இன்று வரை அதில் வாசகிதான் நீதிபதி. மைசூர்பாகையே எடுத்துக்கொள்ளுங்கள். பாகு கம்பிப் பதம் வந்ததும் கடலை மாவைத் தூவி, காய்ந்த நெய்யைக் கரண்டி கரண்டியாக விட்டுக் கிளற வேண்டும். மாவு நுரைத்துப் பொங்கி, வாணலியின் ஓரம் விட்டுச் சுருண்டு வருகிற நேரம் பார்த்துத் தட்டில் கொட்டிவிட வேண்டும். அவசரப்பட்டால் அல்வா, தாமதித்தால் செங்கல். நல்ல புத்தகம் அந்த நேரத்தின் அடையாளத்தைச் சொல்லும். மோசமான புத்தகம் 'பதம் வந்ததும் இறக்கவும்' என்று நழுவிவிடும். 2023 ஐ ஐ.நா. சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக அறிவித்ததை ஒட்டி வந்த மோகத்தில், அரிசிப் பொங்கலின் செய்முறையில் 'அரிசி' என்பதை அடித்துவிட்டு 'வரகு' என்று போட்டது போன்ற பக்கங்களையும் பார்க்கிறோம். ஆனால் அந்த ஏமாற்று ஒரு சமையல் நேரத்துக்கு மேல் தாங்காது. அடிபிடித்த குக்கரைத் தேய்க்கிறவர் புத்தகத்தைத்தான் திட்டுவார். அடுத்த முறை தண்ணீர் அளவைப் பக்க ஓரத்தில் பென்சிலால் திருத்தி வைப்பார். எழுதியவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் சரி, அவரைச் சந்தேகப்படும் உரிமை சமைக்கிறவருக்கு உண்டு.

காதல் மர்ம நாவலில் அந்தச் சந்தேகம்தான் பாவம். என்னுடைய நெடுநாள் புகார் இதுதான்.

கதையின் சட்டகம் எல்லோருக்கும் தெரியும். தனி மாளிகை, வேலைக்கோ வாழவோ வந்த இளம்பெண், பேசாமல் உறுமுகிற எஜமான், பூட்டிய ஓர் அறை, யாரோ அவளைக் கொல்லப் பார்க்கிறார்கள். 1847 இல் 'ஜேன் அயர்' போட்ட கோலம் இது. அமெரிக்க எழுத்தாளர் ஜோன்னா ரஸ் 1973 இல் இவ்வகை நாவல்களைப் பற்றி எழுதிய கட்டுரைக்கு வைத்த தலைப்பே, என்னை யாரோ கொல்லப் பார்க்கிறார்கள், அது என் கணவராக இருக்குமோ என்கிற தொனியில் இருக்கும். அவர் கண்டு சொன்ன சூத்திரம் எளிமையானது. கதையில் இரண்டு ஆண்கள் வருவார்கள். ஒருவன் முரடன், சிடுசிடுப்பவன், அவளை மதிக்காதவன். இன்னொருவன் அன்பாகப் பேசுகிறவன். கடைசியில் அன்பாகப் பேசியவன்தான் குற்றவாளி, முரடன்தான் காதலன். எது மென்மையோ அதை நம்பாதே, எது உன்னைப் பயமுறுத்துகிறதோ அதுதான் அன்பு: நூற்றுக்கணக்கான நாவல்கள் இந்த ஒரு பாடத்தையே சட்டை மாற்றிச் சொல்லிக்கொடுத்திருக்கின்றன.

விக்டோரியா ஹோல்ட்டின் 'மிஸ்ட்ரஸ் ஆஃப் மெலின்' (1960) இந்தச் சந்தையை மறுபடி திறந்துவிட்ட புத்தகம். அதில் மனைவியை இழந்த மாளிகைக்காரன்மேல் ஆசிரியையாக வந்தவளுக்குச் சந்தேகம் வருகிறது, வரவேண்டிய எல்லாக் காரணங்களோடும். ஆபத்தோ கனிவாகப் பழகிய பக்கத்து வீட்டுக்காரியிடமிருந்து வருகிறது. மேரி ஸ்டுவர்ட்டின் 'நைன் கோச்சஸ் வெயிட்டிங்' (1958) இதைவிட நேர்மையானது. தான் காதலிக்கிறவனும் சதியில் இருக்கலாம் என்று நினைத்து, தன் பொறுப்பில் உள்ள சிறுவனைத் தூக்கிக்கொண்டு லிண்டா ஓடிவிடுகிறாள். குழந்தையின் உயிர் போகக்கூடிய இடத்தில் யாரையும் நம்பாமல் இருந்தது எவ்வளவு பெரிய புத்திசாலித்தனம்! அப்படிப்பட்ட நாவலிலும்கூட, அவனை நம்பாமல் போனோமே என்று வெந்துபோகிற வேதனை அவள் தலையில்தான் விழுகிறது.

இந்த நியதி தற்செயலானதல்ல. கதையின் மையத்தில் காதல் இருக்க வேண்டும், முடிவு நம்பிக்கையும் நிறைவும் தர வேண்டும் என்பது அமெரிக்கக் காதல் நாவலாசிரியர் சங்கமே சொல்லிவைத்த இலக்கணம். ஆகவே நாயகன் கொலைகாரனாக இருக்க வழியே இல்லை. பாதி விடை அட்டையிலேயே அச்சாகி இருக்கிறது, அது வாசகருக்கும் தெரியும். தெரியாத ஒரே ஆள் நாயகி. அதனால் அவள் கதவைத் தாழிடுவதும், கடிதத்தைப் பிரித்துப் பார்ப்பதும், பாலில் ஏதாவது கலந்திருக்குமோ என்று மோந்து பார்ப்பதும் நமக்குச் செல்லமான அசட்டுத்தனமாகத் தெரிகின்றன. தன் உயிரைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு பெண் செய்யும் மிக நியாயமான காரியங்களைப் பார்த்து, அடி பைத்தியமே, அவன் நல்லவன்தான் என்று நம்மையே சொல்ல வைக்கிறது இந்த வகை.

இருபதாம் நூற்றாண்டில் இதற்கு ராஜபாட்டை போட்டது டாஃப்னி து மோரியரின் 'ரெபெக்கா' (1938). மான்டி கார்லோ விடுதியில் ஒரு பணக்காரச் சீமாட்டிக்குத் துணையாளாக இருக்கும் பெண்ணை, அவளைப்போல் இரு மடங்கு வயதான மாக்ஸிம் மணந்துகொள்கிறான். கல்யாணப் பேச்சை எடுக்கும்போதே அவளை முட்டாள் என்கிறான். மாண்டர்லி மாளிகையில் முதல் மனைவி ரெபெக்காவின் நிழலில் அவள் சுருங்கிப்போகிறாள். கதையைச் சொல்கிறவள் அவள், ஆனால் கடைசி வரை அவள் பெயர் நமக்குத் தெரியாது. மூழ்கிய படகும் அதற்குள் பிணமும் அகப்பட்ட பிறகு, ரெபெக்காவைச் சுட்டது தான்தான் என்கிறான் மாக்ஸிம். அதைக் கேட்டு அவளுக்கு வருவது பயமல்ல, நிம்மதி. அப்படியானால் இவன் ரெபெக்காவைக் காதலிக்கவே இல்லை! மனைவியைக் கொன்ற ஒருவனோடு, அவனுடைய அடுத்த மனைவியாக, ஒரே அறையில் இருக்கிறோம் என்பது அவளுக்கு உறைக்கவே இல்லை. அங்கிருந்து அவனைத் தூக்குக் கயிற்றிலிருந்து காப்பாற்றுவதே அவள் கவலை, நம் கவலையும்கூட. ரெபெக்கா ஏற்கெனவே புற்றுநோயில் செத்துக்கொண்டிருந்தவள் என்று மருத்துவர் சொன்னதும் நமக்குக் கொலையே லேசாகிவிடுகிறது. 1940 இல் ஹிட்ச்காக் இதைப் படமாக்கியபோது, கொன்றவன் தண்டனையில்லாமல் தப்பக்கூடாது என்று ஹாலிவுட்டின் தணிக்கை விதி குறுக்கே நின்றது. எனவே படத்தில் ரெபெக்கா தவறி விழுந்து சாகிறாள். தணிக்கைக்காரர்களை உறுத்திய விஷயம் வாசகர்களை உறுத்தவில்லை.

து மோரியர் தெரிந்தே எழுதினார் என்பதை ஒப்புக்கொள்கிறேன். பொறாமையைப் பற்றிய ஆராய்ச்சியாகத்தான் அந்த நாவலை அவர் பார்த்தார். அந்தத் தம்பதிக்கு அவர் கொடுத்த வாழ்வும் சொந்த ஊர் திரும்ப முடியாத வறண்ட வாழ்வுதான். பின்னால் வந்தவர்கள் அந்தக் கசப்பை வடிகட்டிவிட்டு மாளிகையையும் மாக்ஸிமையும் மட்டும் எடுத்துக்கொண்டார்கள். நம் குடும்ப நாவல்களிலும் அவன் வேட்டி கட்டி வந்துவிட்டான். பணக்காரன், கோபக்காரன், தவறாகப் புரிந்துகொண்டு கட்டாயத் தாலி கட்டுகிறவன், அவள் அழுத பிறகு உருகுகிறவன். மாளிகையும் கொலையும் இல்லாவிட்டால் என்ன? பயத்திலிருந்து காதலுக்குப் போகும் பாதை அதேதான். பரத்தும் சுசீலாவும் காட்டிய சரிசமமான வழியில் நம் காதல் கதைகள் போகாமல், இந்த வழியில் போனது நம் துரதிர்ஷ்டம்.

ரசிகர்கள் சொல்லும் வலுவான சமாதானம் ஒன்று உண்டு. இந்த வீட்டில் நான் பத்திரமாக இருக்கிறேனா என்ற கேள்வியைப் பெண்களின் சார்பில் கேட்ட வெகுஜனக் கதை இதுதான், பயத்தைப் பத்திரமாகப் பழகிப் பார்க்கும் இடம் இது என்பார்கள். கேள்வி உண்மையானது. விடைதான் பொய். 2023 இல் உலகெங்கும் வேண்டுமென்றே கொல்லப்பட்ட பெண்களிலும் சிறுமிகளிலும் சுமார் 60 விழுக்காட்டினர் துணைவர் அல்லது குடும்பத்தினர் கையால் இறந்தவர்கள் என்கிறது ஐ.நா.வின் மதிப்பீடு. நாளொன்றுக்கு ஏறத்தாழ 140 பேர். அவர்களில் எத்தனை பேருக்கு முன்கூட்டியே சந்தேகம் வந்திருக்கும், எத்தனை பேரை, சேச்சே, அவரைப் போய் அப்படி நினைக்கலாமா என்று சுற்றியிருந்தவர்கள் அடக்கியிருப்பார்கள்! அந்தச் 'சேச்சே'வைத்தான் இந்த நாவல்கள் முந்நூறு பக்கத்துக்கு நீட்டி எழுதுகின்றன. இப்போதெல்லாம் வகை மாறிவிட்டது, 'கான் கேர்ள்' (2012) வந்துவிட்டது என்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: அங்கேயும் கொலைகாரி மனைவிதான்.

கற்பனை என்று தெரிந்துதானே படிக்கிறோம் என்கிறார்கள். மைசூர்பாகின் படத்தைப் பார்த்து ரசிப்பவருக்கும் அது அச்சடித்த தாள் என்று தெரியும். இருந்தும் செய்முறை தவறாக இருந்தால் அந்தப் புத்தகத்தை மன்னிப்பதில்லை. அந்தக் கறாரில் பாதியை இந்த நாவல்களிடம் காட்டினால் போதும், எழுதுகிறவர்கள் திருந்துவார்கள்.

காதலும் மர்மமும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவள் பயந்ததில் நியாயம் இருந்தது என்று ஒப்புக்கொண்டு, நம்பிக்கையைச் சம்பாதிக்கிற நாயகன் வரும் நாவலை வாங்குங்கள், பத்துப் பேருக்குக் கொடுங்கள். உயிருக்குப் பயந்ததற்காக அவள் மன்னிப்புக் கேட்டு முடிகிற நாவலை, அது எவ்வளவு சுவையாக எழுதப்பட்டிருந்தாலும், நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.