யார் மனசை அளந்து செய்தது?

கொஞ்ச நாளாக ஒரு பேச்சு காதில் விழுந்துகொண்டே இருக்கிறது. பொருள்களையும் கட்டடங்களையும் இனிமேல் மனித உணர்வுகளை மையமாக வைத்து வடிவமைக்க வேண்டுமாம். கார்க் கதவைச் சாத்தும்போது எழும் ஓசை, செல்போனின் விளிம்பு விரலில் படும் விதம், நாற்காலி முதுகைத் தாங்கும் விதம், எல்லாம் மனசைத் தொட வேண்டுமாம். ஆவடிப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் படிக்கிற என் அக்கா மகன், “இதப் பத்தி செமினார் எடுக்கப்போறேன் மாமா, நீங்க ஒருதரம் படிச்சுப் பாருங்க” என்று ஒரு கட்டுத் தாளைக் கொண்டுவந்து கொடுத்தான். அதைப் படித்தபோது எழுந்த கேள்விகளை இங்கே வைக்கிறேன்.

அவர்கள் தரப்பை முதலில் ஒழுங்காகச் சொல்லிவிடுவோம். ஹிரோஷிமா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மிட்சுவோ நகமாச்சி 1970களில் ‘கான்செய்’ பொறியியல் என்ற ஒன்றை உருவாக்கினார். கான்செய் என்றால் ஏறக்குறைய நம்முடைய ‘நுண்ணுணர்வு’. ஒரு பொருளைப் பற்றி ஜனங்கள் பேசும் சொற்களைச் சேகரிப்பது, அந்தச் சொற்களுக்கு மார்க் போட வைப்பது, எந்த வளைவு, எந்த நிறம், எந்த எடை அந்த உணர்வைக் கிளப்புகிறது என்று கணக்குப் பார்த்து வடிவத்துக்குள் கொண்டுவருவது. 1989ல் மஸ்தா கம்பெனி விற்பனைக்கு விட்ட இரண்டு இருக்கைக் காரை இதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். குதிரையும் அதன்மேல் இருப்பவனும் ஓருடல் ஆன மாதிரி ஓட்டுகிறவனுக்குத் தோன்ற வேண்டும் என்று பார்த்துப் பார்த்துச் செய்தார்களாம். 2004ல் அமெரிக்கர் டொனால்ட் நார்மன் இந்த விஷயம் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். பொருளோடு நமக்குள்ள உறவை அவர் மூன்று தளமாகப் பிரிக்கிறார். பார்த்ததும் வரும் கிளர்ச்சி, கையாளும்போது வரும் சுகம், வைத்திருப்பதில் உள்ள பெருமிதம்.

இதில் தப்பு ஒன்றும் இல்லை. கையில் பிடிக்கிற பொருள் மனசுக்கும் இதமாக இருக்கட்டும். நம் கேள்வி ஒன்றே ஒன்றுதான். மார்க் போடச் சொல்லி யாரிடம் தாளை நீட்டுகிறார்கள்? வாங்குகிறவரிடம். அதைச் சுமந்து இறக்குகிறவர், தினமும் துடைக்கிறவர், உடைந்தபின் பொறுக்குகிறவர், அந்தப் பொருளாலேயே விலக்கி வைக்கப்படுகிறவர், இவர்களுக்கு நுண்ணுணர்வு இல்லையா?

*

உணர்வை மையமாக வைத்து வடிவமைப்பது ஏதோ ஜப்பானில் தொடங்கிய புதுசு என்று நினைத்தால் அதைவிடப் பெரிய மறதி இல்லை. இந்த நாட்டில் இது ரொம்பப் பழைய தொழில்நுட்பம். என்ன, இங்கே அளந்தெடுத்த முதல் உணர்வு அருவருப்பு.

இரட்டைக் குவளையைக் கொஞ்சம் வடிவமைப்புக் கண்ணோடு பாருங்கள். தனியாக, கூரை எரவாணத்தில் சொருகி வைக்கிற மாதிரி. குடித்தவனே கழுவி வைக்கிற மாதிரி. தூரத்தில் இருந்தே எது யாருடையது என்று தெரிகிற மாதிரி. ஊர்க்காரன் மனசுக்கு ஒரு சின்ன உறுத்தலும் வராதபடி நுணுகி நுணுகிச் செய்த பொருள் அது. அம்பேத்கர் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்த கோணிப்பையும் இதே வகைதான். வகுப்பறை மாறாமல், பிள்ளைகள் மாறாமல், ஒரே ஒரு பொருளைச் சேர்த்து மற்ற எல்லார் மனசையும் அமைதிப்படுத்திய வடிவமைப்பு.

1955ல் தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்தது, 1989ல் வன்கொடுமைச் சட்டம் வந்தது. அப்புறம் என்ன ஆனது? பேப்பர் கப் வந்தது. ஊர்க்காரருக்குக் கண்ணாடி கிளாஸ், சேரிக்காரருக்குத் தூக்கிப்போடுகிற கப் என்று பல கிராமங்களில் நடப்பதைக் களத்துக்குப் போனவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். தொட வேண்டாம், கழுவ வேண்டாம், வழக்கும் கிடையாது. உணர்வும் சட்டமும் ஒருசேரத் திருப்தியாகிற இதைவிடக் கச்சிதமான ‘தயாரிப்பு’ வேறென்ன இருக்கிறது? எங்கம்மாவிடம் இதைச் சொன்னேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ரெடிமேட் கம்பெனியில் இருபது வருஷம் பிசிறு வெட்டின கை அது. “சூடு கையில ஏறணும்டா, கிளாஸைப் புடிச்சாத்தான் டீ. கப்புல குடுக்கிறது குடிச்சிட்டுக் கெளம்புன்னு சொல்றது” என்றது. கான்செய்க்கு இதைவிட விளக்கம் வேண்டுமா?

கிராமத்தோடு முடிந்த கதையும் இல்லை. நகரத்தில் எத்தனையோ அடுக்குமாடிகளில் வீட்டுவேலை செய்கிறவர்களுக்குத் தனி லிஃப்ட். குப்பைக்கும் நாய்க்கும் அவர்களுக்கும் ஒரே லிஃப்ட். விளம்பரத்தில் ‘உங்கள் உணர்வுகளுக்கு மதிப்பளிக்கும் இல்லம்’ என்ற தோரணையில் போடுவார்கள். ஆமாம், மதிப்பளிக்கிறது. யார் உணர்வுக்கு என்பதைத்தான் அந்த இரண்டாவது லிஃப்ட் சொல்கிறது.

*

அடுத்து மூக்கு. 1775ல் லண்டனில் அலெக்ஸாண்டர் கம்மிங் என்பவர் கக்கூஸ் கோப்பைக்குக் கீழே வளைந்த குழாய் ஒன்றை வைத்துக் காப்புரிமை வாங்கினார். அந்த வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்கும். சாக்கடைக் காற்று வீட்டுக்குள் ஏறாது. மனித மூக்கை மையமாக வைத்துச் செய்த மகத்தான வடிவமைப்பு, மறுக்கவில்லை. ஆனால் தண்ணீர் தடுத்து நிறுத்திய அந்தக் காற்று எங்கே போகிறது? கீழேயேதான் இருக்கிறது. மூடி போட்ட குழிக்குள் ஹைட்ரஜன் சல்ஃபைடு சேர்ந்துகொண்டிருக்கிறது. கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம். அளவு கூடிவிட்டால் முதலில் மோப்ப நரம்பையே செயலிழக்க வைத்துவிடும். நாற்றம் நின்றுபோச்சே என்று நினைக்கிற நேரம்தான் சாகிற நேரம். மேலே இருப்பவன் மூக்குக்கு ஒரு தண்ணீர்ப் பூட்டு; கீழே இறங்குகிறவன் மூக்கு அவனுக்கே துரோகம் செய்கிறது.

அந்தக் குழிக்குப் பெயரே ‘மேன்ஹோல்’. பேரிலேயே ஆள் இருக்கான். ஒரு ஆள் உடம்பு நுழைகிற மாதிரி, ஏறத்தாழ இரண்டடி அகலம். யார் உடம்பு என்று எந்த வரைபடத்திலும் எழுதியிருக்காது. எழுதத் தேவையும் இல்லை. 1993ல் ஒரு சட்டம், 2013ல் இன்னொரு சட்டம். 2014ல் உச்ச நீதிமன்றம் சாவுக்குப் பத்து லட்சம் கொடுக்கச் சொன்னது, 2023ல் அதை முப்பது லட்சமாக்கியது. 1993 முதல் எடுத்த சாக்கடைச் சாவுக் கணக்குகளில் தமிழ்நாடு திரும்பத் திரும்ப முதலிடத்தில் நின்றிருக்கிறது. 2017ல் திவ்யபாரதி எடுத்த ‘கக்கூஸ்’ ஆவணப்படத்தைப் பார்த்த பலர் பாதியில் முகத்தைத் திருப்பிக்கொண்டதை நேரில் பார்த்தேன். அந்த முகத் திருப்பலை ‘நுண்ணுணர்வு’ என்று நினைத்துக்கொள்ளும் பண்பாடுதான் அந்தக் குழிக்கு மூடி போட்டது.

ஆவடியில் டாங்கி செய்கிறார்கள். 1965ல் ‘விஜயந்தா’ வெளிவந்தது, பிறகு ‘அர்ஜுன்’. அர்ஜுனுக்குள் நான்கு பேர் உட்கார வேண்டும். அந்த நான்கு பேருக்கும் கை எட்டும் தூரம், கண் பார்க்கும் கோணம், முழங்கால் மடங்கும் இடம் எல்லாம் அளந்தால்தான் டாங்கி ஓடும். அதே ஆவடியில் அடைத்துக்கொண்ட குழிக்குள் குனிந்து பார்க்கிறவனுக்கு அளவெடுத்தவர் யார்? நாட்டில் திறமை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. திருவனந்தபுரத்தில் சில இளம் பொறியாளர்கள் 2018ல் ‘பெண்டிகூட்’ என்ற எந்திரத்தைக் குழிக்குள் இறக்கிக் காட்டினார்கள். ஆள் மேலே நின்று திரையைப் பார்த்து இயக்கலாம். 2020ல் ஒன்றிய அரசு இனி ‘மேன்ஹோல்’ என்று சொல்லாமல் ‘மெஷின்ஹோல்’ என்று சொல்லப்போவதாக அறிவித்தது. பேர் மாத்தினால் போதுமா? எந்திரம் வாங்குகிற காசைவிட ஆள் மலிவாகக் கிடைக்கிறவரை எந்தச் சொல்லும் குழிக்குள் இறங்காது.

*

வீடு என்றால் என்ன என்று கட்டடக் கலைஞர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். வெளிச்சம், காற்று, தனிமை. நம் ஆட்களுக்கு வீடு கட்டும்போது மட்டும் அது சதுர அடியாகச் சுருங்கிவிடும். கூவக்கரையிலும் சென்னைக் குடிசைகளிலும் இருந்த ஜனங்களை 2000ஆம் ஆண்டு வாக்கில் கண்ணகி நகருக்கும், அப்புறம் பெரும்பாக்கத்து எட்டடுக்குக் கட்டடங்களுக்கும், நம்ம பக்கம் அம்பத்தூர் அத்திப்பட்டுக்கும் அனுப்பினார்கள். தூரம், வேலை, பள்ளிக்கூடம் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. பேசாத ஒன்று, சாவு.

சேரியில் சாவு என்பது ஒரு தெரு அளவு நிகழ்ச்சி. வாசலில் பந்தல், பெஞ்சியில் பிணம், சுற்றி உட்கார்ந்து மாரடித்து அழுகிற பெண்கள், எதிர்ப்பக்கம் மேளம் காய்ச்ச நெருப்பு, ஆடுகிற பையன்களுக்கு இடம், வந்து போகிற சாதிசனத்துக்கு நிழல். துக்கத்துக்கு ஒரு நீள அகலம் உண்டு. எங்க உறவுக்காரக் கிழவி ஒரு அடுக்குமாடியில் ஆறாவது மாடியில் செத்தது. எந்த இடம் என்பது முக்கியமில்லை. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டிய நடைவழி. அதில் எங்கே உட்கார்ந்து ஒப்பாரி வைப்பது? படுக்க வைத்த உடம்பு லிஃப்டில் நுழையாது. நாற்காலியில் உட்கார வைத்துக் கட்டி, படிப்படியாக இறக்கினோம். ஒவ்வொரு திருப்பத்திலும் நாற்காலியைச் சாய்க்க வேண்டியிருந்தது. அவள் மகள் கூடவே வந்து, “பார்த்துடா, அம்மாவுக்கு வலிக்கும்” என்று சொல்லிக்கொண்டே வந்தாள். கீழே வண்டி நிறுத்துகிற இடத்தில்தான் மேளம் அடிக்க முடிந்தது.

இந்த நடைவழியின் அகலத்தைத் தீர்மானித்தவர் கெட்டவராக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. அவர் மனசில் நாம் தூங்குகிறவர்கள், சமைக்கிறவர்கள், வேலைக்குப் போகிறவர்கள். அழுகிறவர்கள் என்று தோன்றவில்லை. உப்புக்கண்டம் காயப்போடக் கொடி வேண்டும், சாயங்காலம் பேன் பார்த்துக்கொண்டு கதை பேசத் திண்ணை வேண்டும் என்றும் தோன்றவில்லை. நம்மிடம் அவர் கேட்டிருந்தால் அந்தத் தாளில் இதையெல்லாம் எழுதியிருப்போம்.

*

சரி, பொருள்கள் எப்போதும் செய்தவன் நினைத்த மாதிரியே நடந்துகொள்கின்றனவா? இல்லை. அதற்குச் சாட்சி அம்பத்தூரிலேயே இருக்கிறது. 1949ல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள் கம்பெனியில் இருந்து ஹெர்குலிஸும் பி.எஸ்.ஏ.வும் தமிழ்நாடு முழுக்கப் போயின. அந்தச் சைக்கிளில் ஏறி ஊர்த்தெரு வழியாகப் போகக்கூடாது, இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும் என்று எத்தனை ஊர்களில் நம் தாத்தாக்களுக்குச் சட்டம் போட்டார்கள்! சைக்கிள் இருக்கை ஒருத்தனைத் திண்ணையில் உட்கார்ந்திருப்பவன் கண்ணைவிட உயரத்தில் வைத்துவிடுகிறது. அதுதான் பிரச்னை.

1991–92ல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் பெண்களுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்தது. பெருந்திரளாகக் கற்றுக்கொண்டார்கள். லேடீஸ் சைக்கிள் என்ற வடிவமே ஐரோப்பியப் பெண்ணின் பாவாடைக்காக, அவள் ‘அடக்க’ உணர்வுக்காக, குறுக்குக் கம்பியை இறக்கிச் செய்தது. புதுக்கோட்டையில் லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தது. பெண்கள் ஜென்ட்ஸ் சைக்கிளிலேயே ஏறினார்கள். குறுக்குக் கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்று கண்டுபிடித்தார்கள். எந்த வடிவமைப்பாளரும் அவர்களைக் கேட்கவில்லை. அவர்களே வடிவத்தைத் திருப்பி எழுதினார்கள். 2001–02ல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு இலவசச் சைக்கிள் திட்டம் தொடங்கியபோது, இறங்கித் தள்ளின தாத்தாவின் பேத்தி மணியடித்துக்கொண்டு போனாள்.

இதைச் சொல்லிக் கொண்டாட்டத்தோடு முடிக்கலாம்தான். முடிக்க விடமாட்டார்கள். 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டத்தில் ஒரு தலித் கல்லூரி மாணவரின் கைகளை வெட்டினார்கள். புல்லட் ஓட்டியதுதான் காரணம் என்று குடும்பத்தார் சொன்னார்கள். புல்லட்டைவிட உணர்வைக் குறிவைத்துச் செய்த பொருள் உண்டா? அந்தத் ‘தடதட’ சத்தத்துக்காகத்தானே வாங்குகிறார்கள்! நார்மன் சொல்லும் மூன்றாம் தளம், பெருமிதம், அதுதான் விற்பனைக்கு. காசு கொடுத்தவனுக்கு வண்டி கிடைக்கும். பெருமிதத்துக்கு மட்டும் சாதிச் சான்றிதழ் கேட்பார்கள். இந்த இடத்தில் உணர்வுசார் வடிவமைப்புக் கோட்பாடு வாயை மூடிக்கொள்கிறது. ஒரே சத்தம் ஒருத்தனுக்குக் கம்பீரமாகவும் இன்னொருத்தனுக்கு அவமானமாகவும் கேட்கிற சமூகத்தில் ‘பயன்படுத்துபவரின் உணர்வு’ என்று ஒருமையில் பேசுவது அறியாமை, அல்லது பாசாங்கு.

ஒரு ஸ்டூலைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். ஜவுளிக்கடைகளில் நாள் முழுக்க நின்ற கேரளப் பெண்கள் உட்காரும் உரிமை கேட்டுப் போராடினார்கள். 2018ல் அங்கே சட்டம் ஆனது. 2021ல் தமிழ்நாடும் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி வேலை செய்கிறவருக்கு இருக்கை வைத்தாக வேண்டும் என்றது. கால் வலி ஒரு உணர்வு. அதை யாரும் சர்வே எடுத்துக் கண்டுபிடிக்கவில்லை. வலித்தவர்கள் சொல்லி, சண்டை போட்டு வாங்கினார்கள்.

அக்கா மகனிடம் தாள்களைத் திருப்பிக் கொடுத்தேன். “செமினாரை எடு, விடாதே. ஆனா கேள்வித்தாளை எடுத்துக்கிட்டு முதல்ல அத்திப்பட்டுக்குப் போ. அப்புறம் குழிக்குப் பக்கத்துல நிக்கிறவர்கிட்ட போ. அப்புறம் உன் பாட்டிகிட்ட வா” என்றேன். அவன் சிரித்தான். பாட்டி உள்ளே இருந்து குரல் கொடுத்தது: “வர்றப்ப கண்ணாடி கிளாஸ் ஆறு வாங்கியா. வூட்டுக்கு வர்றவங்களுக்கு இனிமே கப்புல குடுக்கக்கூடாது.”