சங்கப் பாடல்களில் எண்கு

உரைக்குறிப்புகளில் ‘எண்கு’ என்னும் சொல்லுக்குக் ‘கரடி’ என ஒரு சொல்லிற் பொருள் எழுதி மேற்செல்வது வழக்கமாகிவிட்டது. பேராக் மாநிலத்துத் தமிழ்ப் பள்ளி மாணவர் அதனைப் படிக்கும்போது இருவகைக் கரடிகள் நினைவுக்கு வரக்கூடும். ஒன்று, செத்தவனைப்போற் கிடந்தவனை முகர்ந்துவிட்டுப் போகும் கதைக்கரடி; மற்றொன்று, தேனுக்காக மரமேறும் மலாயாக் கரடி. சங்கப் புலவர் கண்ட எண்கு இவ்விரண்டும் அன்று. இவ்வேறுபாட்டை விளக்காமையால் சில நல்ல பாடல்களின் உயிர் மாணவர்க்கு எட்டாமற் போகின்றது.

நற்றிணை 125ஆம் பாடலைக் காண்க. நள்ளிரவில் இரை தேடும் ஆண்கரடி புற்றை அகழ்கின்றது. உள்ளிருக்கும் பாம்பு நடுங்குகின்றது. கரடியின் மூச்சோ கொல்லன் உலைத்துருத்தியின் மூச்சுப்போல் ஒலிக்கின்றது. அவ்வேளையில் தலைவன் வருதலை அஞ்சுகிறோம் என்பது தோழியின் கூற்று. துருத்தி உவமை வெறும் ஒலியழகு கருதியதன்று. தமிழகத்துக் கரடிக்கு மேல்வாயின் முன்பற்கள் இரண்டு இல்லை; நீளும் உதடுகள் உண்டு. அது புழுதியை ஊதித் தள்ளி, அவ்விடைவெளி வழியே கறையானை உறிஞ்சியிழுக்கும். ஊதலும் இழுத்தலும் மாறிமாறி வருவதனால் துருத்தியே தக்க உவமை. அவ்வொலி நெடுந்தொலைவு கேட்கும். ஆயின், இரையில் ஆழ்ந்த கரடிக்கு மனிதன் நெருங்கும் காலடி கேளாது. கண்பார்வையும் கூரியதன்று. அருகில் வந்தபின் திடுக்கிட்டுப் பாயும். பெரும்பாலும் முகத்தையும் தலையையும் கிழிக்கும். ஆகவே தோழியின் அச்சம் மணத்தை விரைவுபடுத்தும் சூழ்ச்சி மட்டுமன்று. காட்டுவழி அறிந்தவளின் எச்சரிக்கையுமாம்.

பெருங்குன்றூர் கிழாரின் அகநானூற்று 8ஆம் பாடலிலும் புற்றகழும் கரடியின் உகிர்பட்டுப் பாம்பின் வலி அழிகின்றது. யவனர் மரக்கலம் பொன்னொடு வந்து மிளகொடு மீளும் செய்தியால் பெயர்பெற்ற 149ஆம் பாடலின் தொடக்கமும் கரடிக் கூட்டமே: புற்றிரை வெறுத்து இருப்பைப் பூவைக் கவர்கின்றது. வரலாற்றுச் செய்தியைத் தேடுவார் இவ்வடிகளை விரைந்து கடந்துவிடுகின்றனர். சிலப்பதிகாரப் புறஞ்சேரியிறுத்த காதையிலோ பாண்டியன் காக்கும் நாட்டில் கரடி புற்றகழாது என்பது இரவில் வழிநடத்தற்கு ஏது இல்லாத இடர் என்பதற்குச் சான்றாகின்றது. காட்டுவழியின் இடரை அளக்கும் கோலாகவே கரடி தமிழிலக்கியத்தில் நிற்கின்றது.

அஃது ஏன் வேட்டைப் புகழின் பொருளாகவில்லை? வன்பரணர் பாடிய புறநானூறு 152இல் வல்வில் ஓரியின் அம்பு ஒன்றே யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தையும் துளைக்கின்றது. கரடி அவ்வரிசையில் இல்லை. இல்லாமை ஒன்றே முடிந்த சான்றாகாது எனினும், கரடியின் உடலமைப்பு ஒரு விளக்கம் தருகின்றது. நீண்ட சடைமயிர், தளர்ந்த தடித்த தோல், திரண்ட தோட்டசை ஆகியவற்றின் நடுவே உயிர்நிலை எங்கென்று மதிப்பிடல் அரிது. காயமுற்ற கரடி உடனே வீழாது. புதரிலோ பாறை இடுக்கிலோ புகுந்து, தொடர்ந்து வருவானைக் கைக்கெட்டும் தொலைவில் எதிர்க்கவும் கூடும். ஓரம்பால் வீழ்த்தினான் எனப் பாடுதற்கு ஏற்ற விலங்கன்று அது.

துப்பாக்கிக் காலத்திலும் நிலை பெரிதும் மாறவில்லை. கென்னத் ஆண்டர்சன் 1957இல் வெளியிட்ட வேட்டை நூலில், மைசூர்ப் பகுதியின் அரசிக்கெரெயை அடுத்த மலைகளில் திரிந்த கரடியைப் பற்றி எழுதினார். அதனால் 12 பேர் மாண்டனர். சுமார் 24 பேர் காயமுற்றனர். பலமுறை முயன்ற பின்னரே அவர் அதனைச் சுட்டார். மனிதரால் முன்னர்க் காயமுற்றமையே அதன் சினத்துக்குக் காரணமாகலாம் என்னும் கருத்தும் அவ்வரலாற்றில் உண்டு. எனினும் வேட்டைக்கதை விலங்கின் கொடுமையை முன்னிறுத்திக் காரணத்தைப் பின்னே தள்ளுகின்றது. நற்றிணைப் புலவரோ கரடியைக் கொடியது எனவில்லை. அது தன் இரையைத் தேடுகின்றது. மனிதன்தான் அதன் வேளையில் அதன் வழிக்கு வருகின்றான்.

பேராக்கின் மலாயாக் கரடி உருவிற் சிறியது. நிறை ஏறத்தாழ 25 முதல் 65 கிலோ. புலியே கழுத்தைக் கவ்வினாலும் தளர்ந்த தோலுக்குள் திரும்பித் திருப்பிக் கடிக்கவல்லது. பழைய ரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனைத் தோட்டங்களான பின் இக்கரடி காட்டோரப் பனைகளின் பழத்தை நாடியும் வருவதுண்டு. 2010ஆம் ஆண்டுச் சட்டப்படி அஃது முழுப் பாதுகாப்புப் பெற்ற விலங்கு. ஆயினும் பெலும், தெமெங்கோர்க் காடுகளில் திருட்டு வேட்டைக்காரர் வைக்கும் கம்பிக்கண்ணிகள் விலங்கு எதுவென்று பாரா. கண்ணியை அறுத்துச் சென்ற கரடி எளிதில் மாயாது, காயத்தோடு வாழும். அதன் வன்மையே அதன் துன்பத்தை நீட்டிக்கின்றது.

ஆதலின் ஆசிரியர் ‘எண்கு’ என்னுமிடத்துச் சற்றே நின்று, புற்றையும் துருத்தியையும் விளக்குதல் வேண்டும். கதைக்கரடியைப் பற்றியும் ஒன்று சொல்லலாம்: கரடிகள் பிணமும் உண்பதுண்டு. நட்பின் சிறப்பைக் கற்பிக்க அக்கதை உதவும். கரடியை அறிய நற்றிணையே உதவும்.