கார்ட்னரின் அடைப்புக்குறி: ரேமண்ட் கார்வர் கதை எழுதக் கற்ற விதம்

ரேமண்ட் கார்வர் (1938–1988) அமெரிக்கச் சிறுகதையாசிரியர். கதை எழுதுவதைக் கற்பிக்க முடியுமா என்ற விவாதம் எழும்போதெல்லாம் அவர் பெயரும் எழும். அவருடைய கதைகளில் திருத்தப் பேனாவை அழுத்தமாகப் பதித்தவர்கள் இருவர். ஒருவர் கல்லூரி ஆசிரியர் ஜான் கார்ட்னர், மற்றவர் பதிப்பாசிரியர் கோர்டன் லிஷ். சொற்களைக் குறை என்றுதான் இருவருமே சொன்னார்கள். 25 சொற்களில் சொல்வதை 15 சொற்களில் சொல் என்றார் கார்ட்னர். அந்த 15-ஐ 5 ஆக்கு என்பது லிஷின் கட்சி. கார்வரே ஒரு நேர்காணலில் இப்படி ஒப்பிட்டிருக்கிறார். ஆனால் இருவருக்கும் இடையே உள்ள வேறுபாடு சொற்களின் எண்ணிக்கையில் இல்லை.

வகுப்பறை

1950களின் இறுதியில் கலிபோர்னியாவின் சிக்கோ அரசுக் கல்லூரியில் கார்வர் மாணவர். இருபது வயதைத் தாண்டியவுடனேயே மனைவி, இரண்டு குழந்தைகள், கடன் என்று வாழ்ந்தவர். கார்ட்னருக்கும் அப்போது முப்பது வயது ஆகவில்லை. பிற்காலத்தில் புகழ்பெற்ற நாவலாசிரியரான அவருடைய முதல் நாவல் 1966இல்தான் வந்தது. அலுவலக அறையில் பெட்டி பெட்டியாக அச்சேறாத கையெழுத்துப்படிகள் கிடந்தன. வீட்டில் எழுத இடமில்லாத மாணவனுக்கு அந்த அறையின் சாவியைக் கொடுத்தார் கார்ட்னர். கார்வர் பெட்டிகளைத் திறந்து பார்த்தார். பிடித்த தலைப்புகளைச் சற்று மாற்றித் தன் கதைகளுக்குச் சூட்டி, அவற்றைக் கார்ட்னரிடமே கொண்டுபோய்க் காட்டினார். சிறு அறிவுரையோடு ஆசிரியர் அதை முடித்துக்கொண்டார். சாவியைத் திரும்ப வாங்கவில்லை.

அந்த வகுப்பில் சிறுகதை எழுத வந்தவர்களுக்கு ஒரு பருவம் முழுவதற்கும் ஒரே கதைதான். பத்துப் பதினைந்து பக்கக் கதையை எழுதி, திருத்தி, மீண்டும் எழுத வேண்டும். பத்து முறை எழுதினாலும் கார்ட்னர் சலிக்காமல் படித்தார். தான் சொன்னதைத் திரும்பத் திரும்பப் பார்க்கும்போதுதான் என்ன சொல்ல வந்தோம் என்பதே எழுத்தாளனுக்குத் தெரியும் என்று அவர் நம்பினார். வாரம் ஒரு கதை வாங்கி மதிப்பெண் போடும் முறைக்கு இது நேர் எதிர். இன்றைய பயிலரங்குகளில் இந்தப் பொறுமையைக் காண்பது அரிது.

கார்ட்னர் சில சொற்களை அடித்தார். அவை அடிபட்டவைதான், பேச்சே கிடையாது. வேறு சிலவற்றை அடைப்புக்குறிக்குள் வைத்தார். அவற்றைப் பற்றி விவாதிக்கலாம். சில இடங்களில், மாணவன் சொல்ல முயன்றது தெளிவாகும்படி ஒரு சொல்லையோ வரியையோ சேர்க்கவும் செய்தார். ஒரு காற்புள்ளிக்காகக்கூட இருவரும் உட்கார்ந்து பேசினார்கள். பேச்சு முடிந்ததும் கதை மாணவனிடமே திரும்பியது. அடுத்த படியை எழுத வேண்டியவன் அவன்தான்.

புனைகதை வாசகனுக்குள் தெளிவான, இடையறாத ஒரு கனவை உண்டாக்குகிறது என்பது கார்ட்னரின் கோட்பாடு. அவர் 1982இல் விபத்தில் இறந்த பிறகு வெளிவந்த 'ஆர்ட் ஆஃப் ஃபிக்‌ஷன்' நூலில் இதை விரிவாகப் பேசுகிறார். பொய்யான ஒரு சொல் அந்தக் கனவைக் கலைத்துவிடும். அவருடைய திருத்தங்களுக்கு இப்படி ஒரு காரணம் இருந்தது. காரணம் தெரிந்த மாணவன் அடுத்த கதையில் அந்தச் சொல்லைத் தானே அடித்துக்கொள்வான்.

பதிப்பாசிரியரின் மேசை

லிஷ் 'எஸ்குயர்' இதழிலும் பின்னர் க்னாஃப் பதிப்பகத்திலும் இருந்தவர். கார்வரை வெளியுலகுக்குக் கொண்டுவந்ததில் அவர் பங்கு பெரிது, அதை மறைக்கக் கூடாது. 1981இல் வெளிவந்து பெரும்புகழ் தேடித்தந்த 'காதலைப் பற்றிப் பேசும்போது நாம் எதைப் பேசுகிறோம்' தொகுப்பில் 17 கதைகள் உள்ளன. கார்வர் கொடுத்த படியில் பாதிக்கும் மேல் லிஷ் வெட்டியிருந்தார். தலைப்புகளும் முடிவுகளும்கூட மாறின. நூலை நிறுத்தும்படி 1980 ஜூலையில் கார்வர் கெஞ்சிக் கடிதம் எழுதினார். குடியை விட்டு மீண்டுகொண்டிருந்த காலம் அது. தன் மனநலமே இந்தக் கதைகளோடு பின்னிக்கிடப்பதாக அதில் சொல்கிறார். நூல் நிற்கவில்லை. கார்வர் இணங்கிப் போனார். லிஷ் கை வைப்பதற்கு முந்திய வடிவம் 'பிகினர்ஸ்' என்ற பெயரில் 2009இல் வெளிவந்தது.

ஒரு கதையை எடுத்துக்கொள்வோம். மகனின் பிறந்தநாளுக்குத் தாய் கேக் சொல்லிவைக்கிறாள். பிறந்தநாளன்று சிறுவன் மீது கார் மோதுகிறது. மருத்துவமனையில் அவன் நினைவின்றிக் கிடக்க, கேக்கை வாங்க யாரும் வராத கோபத்தில் பேக்கரிக்காரன் வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்துக்கொண்டே இருக்கிறான். லிஷின் வடிவமான 'தி பாத்' அந்தத் தொலைபேசிக் குரலோடு நின்றுவிடுகிறது. சிறுவன் இருக்கிறானா இல்லையா என்பது தெரியாது. கார்வரின் வடிவமான 'எ ஸ்மால், குட் திங்' கதையில் சிறுவன் இறந்துபோகிறான். பெற்றோர் ஆத்திரத்தோடு நள்ளிரவில் பேக்கரிக்குப் போகிறார்கள். விஷயம் அறிந்த பேக்கரிக்காரன் மன்னிப்புக் கேட்டு, சூடான ரொட்டி கொடுக்கிறான். விடியும்வரை மூவரும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

'தி பாத்' தரும் அச்சம் உண்மையானது. அதையே விரும்பும் விமர்சகர்களும் உண்டு. ஆனால் அதில் பேக்கரிக்காரன் வெறும் மிரட்டல் குரல், கார்வரிடம் அவன் தனிமையில் வாடும் மனிதன். வெட்டப்பட்டவை மிகைச்சொற்கள் அல்ல, மனிதர்களைப் பற்றிய கார்வரின் பார்வையே வெட்டப்பட்டது. கார்ட்னர் கேட்டது 'நீ சொல்ல வந்தது இதுதானா?' என்பது. லிஷ் என்ன சொல்ல வேண்டும் என்பதை முடிவுசெய்துவிட்டார். அந்த மேசையில் அடைப்புக்குறிக்கு இடமில்லை. 1980களில் அமெரிக்க எழுத்துப் பட்டறைகளில் எத்தனையோ இளைஞர்கள் கார்வர் நடை என்று எண்ணி அந்த வறண்ட, குறுகிய வாக்கியங்களைப் பழகினார்கள். அவர்கள் பழகியதில் பாதி லிஷின் கத்தி. 'மினிமலிசம்' என்ற முத்திரையைக் கார்வர் விரும்பவே இல்லை. 1983இல் வந்த 'கதீட்ரல்' தொகுப்பில் அந்த அளவு வெட்டுக்கு அவர் இடம்தரவில்லை. பேக்கரிக் கதை அதில் முழு உருவில் இடம்பெற்றது.

ஆசிரியராகக் கார்வர்

1980 முதல் கார்வர் சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். பின்னாளில் நாவலாசிரியரான ஜே மெக்கினர்னி அங்கே அவருடைய மாணவர். எவரையும் புண்படுத்த விரும்பாத, மெல்லிய குரலில் பேசும் ஆசிரியராகவே கார்வரை அவர் நினைவுகூர்கிறார். கதையைப் பற்றிப் பெரிய தீர்ப்புகள் சொல்ல மாட்டார், சொல் சொல்லாகத்தான் பார்ப்பார். ஒருமுறை மெக்கினர்னி 'எர்த்' என்று எழுதியிருந்த இடத்தில் 'கிரவுண்ட்' என்பதே பொருந்தும் என்று கார்வர் பத்துப் பதினைந்து நிமிடம் வாதாடினார். முன்னதில் உலகம், பூமி என்ற விரிவெல்லாம் வந்து ஒட்டிக்கொள்ளும், பின்னது வெறும் தரை. சிக்கோவில் கார்ட்னர் இதே இரண்டு சொற்களை வைத்துத்தான் கார்வருக்குப் பாடம் சொல்லியிருந்தார்.